எப்படி இயங்குகிறது? ஒரு கரண்டி பழைய மாவின் கணக்கு

கெடாவில் இட்லிக்கு மாவு அரைக்கும் எந்த வீட்டிலும் இரவு ஒரு சின்னக் கேள்வி எழும். நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலக்கலாமா, வேண்டாமா? வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிமார் பதில் சொல்வார்கள். ஜெராய் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பெய்து குளிர்ந்த இரவானால், "ஒரு கரண்டி ஊத்து." வெக்கை தாங்காமல் வாசலில் பாய் விரித்துப் படுக்கும் இரவானால், "தொடாதே, காலையில வழிஞ்சு புளிச்சுக் கிடக்கும்."

பாட்டி இங்கே போடுவது இரண்டு காரணிகளும் ஓர் இடைவினையும் (ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவது) கொண்ட லாஜிஸ்டிக் ரெக்ரஷன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் தவறாகப் படிக்கப்படுவது இந்தக் கணக்கின் அட்டவணைதான் என்பது என் எண்ணம். கணக்கு கடினம் என்பதால் அல்ல. அட்டவணையில் "முதன்மை விளைவு" என்று அச்சாகியிருப்பதைக் கண்டதும் எல்லாருக்கும் பொருந்தும் விளைவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

மாவிலேயே தொடங்குவோம். விடை இரண்டே: மறுநாள் இட்லி மெத்தென்று வந்தது, அல்லது வரவில்லை. பொங்காமல் கல்லாக இருந்தாலும் தோல்வி, வழிந்து புளித்துப் போனாலும் தோல்வி. இப்படி ஆம்–இல்லை என்று முடியும் எதற்கும் லாஜிஸ்டிக் கணக்கு பொருந்தும்: நோய் வந்ததா, கடன் திரும்பியதா, பிள்ளை தேர்வில் தேறினானா.

பழைய மாவு சேர்க்காத 100 மழை இரவுகளில் 20 நாள் மட்டும் இட்லி நன்றாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். (இந்த மாவுக் கணக்கின் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை.) வந்த நாள் 20, வராத நாள் 80, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.25. இதுதான் ஆட்ஸ். பந்தயக்காரர்கள் "ஒன்றுக்கு நாலு" என்று சொல்வதும் இதையே. பழைய மாவு சேர்த்த மழை இரவுகளில் 100க்கு 50 நாள் நன்றாக வந்தது, ஆட்ஸ் 1. ஆக, ஒரு கரண்டி பழைய மாவு ஆட்ஸை 0.25இலிருந்து 1க்கு ஏற்றியது, அதாவது நாலு மடங்கு. இந்த 4 தான் ஆட்ஸ் விகிதம்.

நேராக விழுக்காட்டிலேயே பேசினால் என்ன? விழுக்காட்டுக்குக் கீழே 0, மேலே 100 என்று இரண்டு சுவர்கள். கூட்டிக்கொண்டே போனால் எங்கேயாவது முட்டிக்கொள்ளும். நூற்றுக்கு நூற்றுப் பத்து நாள் இட்லி நன்றாக வந்தது என்று கணக்கு சொல்லத் தொடங்கிவிடும். ஆட்ஸுக்கு மேல் சுவர் இல்லை. அதற்கு மடக்கையும் எடுத்துவிட்டால் கீழ்ச்சுவரும் போய்விடும், பெருக்கல் கூட்டலாக மாறும். ஜோசப் பெர்க்சன் 1944இல் இந்த ஆட்ஸ் மடக்கைக்கு "லாஜிட்" என்று பெயரிட்டார். பிறகு டேவிட் காக்ஸ் 1958இல் இதை ஒழுங்கான புள்ளியியல் முறையாக வளர்த்தார். மென்பொருள் காட்டும் கெழு லாஜிட்டில் இருக்கும். அதை மடக்கையிலிருந்து திரும்பப் பெயர்த்தால் ஆட்ஸ் விகிதம். 1.386 என்று கெழு வந்தால் அது நம் 4 தான்.

இனி வெக்கை இரவுக்கு வருவோம். பழைய மாவு சேர்க்காமலேயே 100க்கு 80 நாள் இட்லி நன்றாக வந்தது. ஆட்ஸ் 4, மழை இரவின் 0.25ஐ விட 16 மடங்கு. அப்படியானால் வெக்கையும் பழைய மாவும் சேர்ந்தால் என்ன ஆகும்?

இடைவினை இல்லை என்றால் கணக்கு எளிது. அடிப்படை 0.25, பழைய மாவுக்கு 4 மடங்கு, வெக்கைக்கு 16 மடங்கு, பெருக்கினால் 16. ஆட்ஸ் 16 என்றால் 17 நாளில் 16 நாள் வெற்றி, ஏறத்தாழ 94 விழுக்காடு. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மழை இரவில் பழைய மாவு 20ஐ 50 ஆக்கியது, 30 நாள் லாபம். வெக்கை இரவில் 80ஐ 94 ஆக்குகிறது, 14 நாள்தான் லாபம். ஆனால் மாதிரியில் இடைவினை என்று ஒரு வரிகூட இல்லை! ஆட்ஸ் அளவில் இரண்டு இரவிலும் அதே நாலு மடங்கு. சுவர் பக்கத்தில் வந்துவிட்டதால் விழுக்காட்டில் ஏறுவதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். "இடைவினை இருக்கிறதா?" என்ற கேள்வி எந்த அளவுகோலில் என்று சொல்லாதவரை பாதிக் கேள்விதான். இந்தக் கேள்விக்கு மறுபடியும் வருவேன்.

பாட்டியின் அனுபவம் வேறு. வெக்கை இரவில் பழைய மாவும் சேர்ந்தால் சில நாள் நன்றாக வரும், சில நாள் வழிந்து புளித்துவிடும். ஒன்றுக்கு ஒன்று கழிந்து மறுபடியும் 100க்கு 80 தான் என்று வைப்போம். ஆட்ஸ் 4. வெக்கை இரவில் பழைய மாவின் ஆட்ஸ் விகிதம் 4 வகுத்தல் 4, அதாவது 1. சேர்த்தாலும் ஒன்று, சேர்க்காவிட்டாலும் ஒன்று. இதைப் பிடிக்க மாதிரியில் நாலாவது வரி ஒன்று வேண்டும்: பழைய மாவு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, வெக்கை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, இரண்டின் பெருக்கல். இரண்டும் இருக்கும் இரவில் மட்டும் அந்தப் பெருக்கல் 1 ஆகும், மற்ற மூன்று வகை இரவுகளிலும் 0. அதன் கெழு −1.386, ஆட்ஸ் விகிதமாகச் சொன்னால் கால்.

மென்பொருள் இப்போது அச்சிடும் அட்டவணையைப் பாருங்கள். பழைய மாவு: 4. வெக்கை: 16. பழைய மாவு × வெக்கை: 0.25. அவசரத்தில் படிப்பவர் முதல் வரியை எடுத்துக்கொண்டு, "பழைய மாவு வெற்றியின் ஆட்ஸை நாலு மடங்காக்குகிறது" என்று எழுதிவிடுவார். அது மழை இரவுக்கு மட்டும் உண்மை. பெருக்கல் வரி உள்ளே வந்த நொடியிலேயே முதல் வரியின் பொருள் மாறிவிட்டது. வெக்கை 0 ஆக இருக்கும்போது பழைய மாவின் விளைவு என்ன என்பதை மட்டும் அது சொல்கிறது. வெக்கை இரவுக்கு வேண்டுமானால் 4ஐ 0.25ஆல் பெருக்க வேண்டும்.

யாருக்கு 0 போட்டோம் என்பதுதான் இங்கே எல்லாம்.

சமையலறையை விட்டு வாய்க்குப் போவோம். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு வெற்றிலைப் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. மலேசியாவில் 1993–94இல் நடந்த தேசிய வாய்ச்சளிச்சவ்வு ஆய்வில் 11,697 பெரியவர்களைப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு முந்திய நிலையிலுள்ள வாய்ப்புண்கள் இந்தியர்களிடம் 4.0 விழுக்காடு, சபா–சரவாக் பூர்வகுடிகளிடம் 2.5, சீனர்களிடம் 0.5. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985இலேயே அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையையும் பாக்கையும் அதே பட்டியலில் 2004இல் வெளியான தொகுதியில் சேர்த்தது. "நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் அத்தைமாருக்கு இந்த இரண்டாவது ஆண்டைச் சொல்லிப் பார்க்கலாம். கேட்பார்கள் என்று நம்பிக்கை இல்லை.

அந்த 4.0 விழுக்காட்டைப் படிப்பதிலேயே ஒரு கண்ணி உண்டு. மாதிரியில் இனத்தை மட்டும் வைத்தால் "இந்தியர்" என்ற வரிக்குப் பெரிய எண் வரும். வெற்றிலைப் பழக்கத்தையும் உள்ளே வைத்தால் அந்த எண் சுருங்கலாம், ஏனென்றால் முதல் எண்ணுக்குள் வெற்றிலைப் பெட்டி ஒளிந்திருந்தது. இது இடைவினை அல்ல, ஒரு காரணி இன்னொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவது. வெற்றிலையின் விளைவே ஆளுக்கு ஆள் மாறுகிறதா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு நல்ல தரவு தென்னிந்தியாவில் இருக்கிறது. 1996 முதல் 1999 வரை பெங்களூர், சென்னை, திருவனந்தபுரம் ஆகிய மூன்று ஊர்களிலும் வாய்ப்புற்று நோயாளிகள் 591 பேரையும், ஒப்பீட்டுக்காக மருத்துவமனையிலிருந்து வேறு 582 பேரையும் எடுத்து நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. முறை லாஜிஸ்டிக் ரெக்ரஷன். நோயாளியும் நோயில்லாதவரும் ஏறத்தாழ சரிபாதி என்று ஆய்வாளர்களே வைத்துக்கொண்டதால், "எத்தனை விழுக்காட்டினருக்கு நோய்" என்று இந்தத் தரவிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் ஆட்ஸ் விகிதம் இந்தத் தேர்வால் குலையாது. நோய் அரிதாக இருந்தால் அது ஆபத்தின் மடங்கையே காட்டும் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1951இலேயே நிறுவியிருந்தார். (இட்லி அரிதானது அல்ல, அதனால்தான் அங்கே ஆட்ஸ் நாலு மடங்கு ஏறியபோது வெற்றி நாள் இரண்டரை மடங்கு மட்டுமே ஏறியது.)

ஆய்வில் வந்தது இது. வெற்றிலை போடும் ஆண்களுக்கு, போடாத ஆண்களோடு ஒப்பிட்டால், ஆட்ஸ் விகிதம் 5.1, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 3.4 முதல் 7.8 வரை. பெண்களுக்கு 42, இடைவெளி 24 முதல் 76 வரை. புகையிலை சேராத வெற்றிலைக்கே ஆண்களிடம் 4.2, பெண்களிடம் 16.4.

ஐந்தும் நாற்பத்திரண்டும். இரண்டையும் ஒரே மாதிரிக்குள் எழுதிப் பார்ப்போம். ஆண் என்றால் 0, பெண் என்றால் 1 என்று வைத்தால், வெற்றிலையின் "முதன்மை விளைவு" 5.1, வெற்றிலை × பெண் என்ற இடைவினை 42 வகுத்தல் 5.1, ஏறத்தாழ 8.2. இப்போது அதே தரவில் குறியீட்டை மட்டும் புரட்டுங்கள்: பெண் 0, ஆண் 1. முதன்மை விளைவு 42 ஆகிவிடும், இடைவினை 0.12. ஒரு நோயாளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. எந்த மனிதருக்கும் கணிக்கப்பட்ட ஆபத்து மாறவில்லை. ஆனால் ஒரு கட்டுரையின் சுருக்கத்தில் "வெற்றிலையின் முதன்மை விளைவு ஐந்து மடங்கு" என்றும், இன்னொன்றில் "நாற்பத்திரண்டு மடங்கு" என்றும் எழுத முடியும்; இரண்டும் பொய்யல்ல. சில மென்பொருள்கள் அகர வரிசையில் முதலில் வருவதற்கு 0 போட்டுவிடும், ஆய்வாளர் அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார். ஒரு சமூகத்தின் ஆபத்தை அகர வரிசை தீர்மானிப்பது எனக்குச் சகிக்கவில்லை.

காரணி எண்ணாக இருக்கும்போது இது வேடிக்கையாகவே ஆகிவிடும். வெற்றிலை × வயது என்று இடைவினை வைத்துவிட்டு, வயதை அப்படியே ஆண்டுகளில் கொடுத்தால், வெற்றிலையின் "முதன்மை விளைவு" வயது 0 உள்ளவருக்கானது: தொட்டிலில் கிடந்து வெற்றிலை போடும் குழந்தைக்கு. எண் பைத்தியக்காரத்தனமாக வந்தால் ஆய்வாளர் பயந்து இடைவினையையே தூக்கி எறிவார். வயதிலிருந்து 50ஐக் கழித்துவிட்டு மாதிரியை ஓட்டினால் போதும், அதே வரி ஐம்பது வயதுக்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கும்.

சரி, பெண்ணுக்கு வெற்றிலை எட்டு மடங்கு அதிகக் கேடா? தட்டென்று ஆம் சொல்லத் தோன்றும். இங்கேதான் முன்னே பாதியில் விட்ட கேள்வி திரும்ப வருகிறது.

அமெரிக்காவில் கல்நார்த் தொழிலாளர்களைப் பற்றி ஹாமண்ட், செலிகாஃப், சைட்மன் மூவரும் 1979இல் வெளியிட்ட எண்கள் இதற்குச் செவ்வியல் உதாரணம். நுரையீரல் புற்றால் ஆண்டுக்கு லட்சம் பேரில் இறந்தவர்கள்: கல்நாரும் புகையும் இல்லாதவர்களில் 11.3, கல்நார் மட்டும் 58.4, புகை மட்டும் 122.6, இரண்டும் சேர்ந்தால் 601.6. கூட்டல் அளவுகோலில் பார்த்தால், இரண்டின் தனித்தனிக் கூடுதலையும் அடிப்படையோடு சேர்த்து 170 பக்கம் வரவேண்டும், வந்ததோ 601.6. பயங்கரமான இடைவினை. பெருக்கல் அளவுகோலில் பார்த்தால் 5.17 மடங்கும் 10.85 மடங்கும் பெருகி 634 பக்கம் வரவேண்டும்; வந்தது அதற்குச் சற்றுக் கீழே. இடைவினை இல்லை என்றே சொல்லிவிடலாம். லாஜிஸ்டிக் மாதிரி பெருக்கல் அளவுகோலில் பிறந்தது. இந்தத் தரவைக் கொடுத்தால் "இடைவினை முக்கியமில்லை" என்று அது சொல்லக்கூடும். அதைக் கேட்டு, கல்நார்த் தொழிலாளியைப் புகை விடச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை என்று முடிவெடுத்தால் பிணம்தான் மிச்சம்.

இதையே திருப்பிப் போட்டு நம் 5.1ஐயும் 42ஐயும் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: வெற்றிலை போடாத பெண்களில் லட்சத்துக்கு 2 பேருக்கு நோய், வெற்றிலை போடாத ஆண்களில் 20 பேருக்கு. ஆண்களின் எண் ஏன் பெரிது? அவர்களில் பலருக்குப் பீடி உண்டு, மது உண்டு. இப்போது வெற்றிலை இரு பாலாருக்கும் அதே 82 பேரைக் கூடுதலாக நோயில் தள்ளுகிறது என்று வையுங்கள். பெண்கள் 2இலிருந்து 84; மடங்கு 42. ஆண்கள் 20இலிருந்து 102, மடங்கு 5.1. வெற்றிலை இருவருக்கும் செய்த கேடு தலைக்குத் தலை சமம், ஆட்ஸ் விகிதத்திலோ எட்டு மடங்கு வித்தியாசம். அந்த எட்டு, வெற்றிலையைப் பற்றியே பேசாமல், வெற்றிலை போடாத ஆண்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஆய்வில் ஆண்களுக்குப் புகையையும் மதுவையும் கணக்கில் கொண்டு திருத்தியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தம் பெருக்கலையே நம்பிச் செய்யப்படுவது. உடம்புக்குள் நடப்பது கூட்டலுக்கு நெருக்கமாக இருந்தால் திருத்தத்துக்குப் பிறகும் மிச்சம் நிற்கும். அல்லது பெண்கள் ஒரு நாளைக்கு அதிகத் தடவை போட்டிருக்கலாம், வாயில் நெடுநேரம் அடக்கி வைத்திருக்கலாம். இடைவினை வரி இவற்றில் எதையும் பிரித்துச் சொல்லாது. இரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை, 7.8இல் ஒன்று முடிகிறது, 24இல் மற்றது தொடங்குகிறது; ஆகவே வித்தியாசம் தற்செயல் அல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எப்போதும் இவ்வளவு தெளிவாக வாய்க்காது. ஆண்களிடம் விளைவு தெரிகிறது, பெண்களிடம் தெரியவில்லை, ஆகவே வித்தியாசம் உண்டு என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலே அப்படித்தான் வரும். வித்தியாசத்தையே நேராகச் சோதிக்க வேண்டும், அதற்குத் தரவும் நிறைய வேண்டும். சரிசமமாகப் பிரித்த ஆய்வில் முதன்மை விளைவை எவ்வளவு துல்லியமாக அளக்கிறோமோ, அதே துல்லியத்தில் இரு பிரிவின் வித்தியாசத்தை அளக்க நாலு மடங்கு ஆட்கள் வேண்டும்.

பீடோங் பக்கம் செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இப்படிப்பட்ட அட்டவணைகளைப் படித்தாக வேண்டும். அவர்களில் யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: கெழுக்களை மூடிவிட்டு நாலு கட்டம் வரையுங்கள். ஆண் போடாதவர், ஆண் போடுபவர், பெண் போடாதவர், பெண் போடுபவர். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதிரி கணிக்கும் எண்ணை எழுதுங்கள். மக்கள்தொகையிலிருந்து எடுத்த தரவானால் விழுக்காடு, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த ஆய்வானால் ஒரே அடிப்படைக் கட்டத்தோடு ஒப்பிட்ட ஆட்ஸ் விகிதம். கூட்டலாகவும் பார்க்கலாம், பெருக்கலாகவும் பார்க்கலாம். யாருக்கு 0 போட்டாலும் அந்த நாலு எண்ணும் மாறாது.

நாலு கட்டம் வரையும்போது இன்னொன்றும் தெரியவரும். அந்தத் தென்னிந்திய ஆய்வில் மதுவின் ஆட்ஸ் விகிதம் 2.2, ஒரு நாளைக்கு 20 பீடியோ அதற்கு மேலோ பிடிப்பதற்கு 2.5. இரண்டையும் ஆண்களுக்கு மட்டுமே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பெண் × மது என்ற கட்டத்தில் ஆளே இல்லாவிட்டால் இடைவினையைக் கேட்கவே முடியாது. மென்பொருளிடம் வற்புறுத்திக் கேட்டால் பிரம்மாண்டமான ஓர் எண்ணையும் அதைவிடப் பிரம்மாண்டமான இடைவெளியையும் துப்பும். கெடா தோட்டங்களின் கதை அப்படியே தென்னிந்தியாவின் கதை அல்ல. இங்கே கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை மறியல் செய்ததும் அந்தக் கள்ளுக்கடைகளை எதிர்த்துத்தான். அந்தக் கள் ஆண்களின் குவளையோடு நின்றுவிடவும் இல்லை. பால் வெட்டிக் களைத்து வந்த பெண்களில் சிலரும் குடித்தார்கள், வெற்றிலையும் போட்டார்கள். தென்னிந்தியக் கணக்கில் சேராத அந்தக் கட்டத்தில் இங்கே ஆட்கள் இருந்தார்கள். 5.1ஐயும் 42ஐயும் அங்கிருந்து கொண்டுவந்து இங்கே ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்று கெடாவிலேயே எண்ணியாக வேண்டும்.